சிவப்புத் துணி கட்டின டேங்க்

காபி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் மாரப்பன் வந்தான். வீட்டில் வண்டியை உதைத்துக் கிளப்பும்போதே நினைத்தான், வடவள்ளி ரவுண்டானாவில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்கும்போது நினைத்தான், மூன்றாவது குறுக்குத் தெருவில் அந்த வீட்டு கேட்டை முட்டியால் தள்ளித் திறந்து மொபெட்டை உள்ளே விட்டு, மண்வெட்டி, கத்தரி, களைக்கொத்து, வேப்பெண்ணெய்க் கேன் என்று ஒவ்வொன்றாக இறக்கி வைக்கும்போதும் அதையேதான் நினைத்தான். காபி எட்டே முக்காலுக்கு வரும். ஹேமலதா அம்மிணி சமையல்கட்டு ஜன்னலைத் திறந்து, கம்பியில் கவிழ்த்திருக்கும் அவனுடைய எவர்சில்வர் டம்ளரை எடுத்து ஊற்றி, ஜன்னல் திட்டில் வைத்து, அண்ணா காபி என்பாள். குடித்துவிட்டு அவனே வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக் குழாயில் கழுவி அதே கம்பியில் கவிழ்த்துவிட வேண்டும். ஆறு வருஷமாக, வியாழன் தவறாமல், அதுதான் நடப்பு. அந்த டம்ளரை வீட்டில் வேறு யாரும் எடுப்பதில்லை. அதைப் பற்றி அவனும் பெரிதாக நினைத்துக்கொண்டதில்லை. அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலுமாகப் பதினோரு வீடு அவனுக்கு, பதினோரு வீட்டிலும் ஒரு டம்ளர், ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டி மேலே, ஒரு வீட்டில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு வீட்டில் பூனைக்குப் பால் வைக்கிற கிண்ணத்துக்குத் துணையாக. காபி வந்துவிட்டால் பேச்சு மாறிவிடும். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு எப்படிச் சொல்வது, ஒருத்தர் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே உங்கள் செடியையெல்லாம் கொன்றது நான்தான் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? அதனால் முன்னாலேயே சொல்ல வேண்டும். போன வியாழனும் இப்படித்தான் நினைத்தான். அதற்கு முந்தின வியாழனும் இதேதான். மனுஷன் நினைப்பதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

பொடக்காலிக்குள் காலை வைத்ததும் கண் தானாக அந்தப் பக்கம் போயிற்று. பார்க்கக் கூடாது என்று நினைத்தால்தான் பார்க்கத் தோன்றுகிறது, பல்லில் மாட்டின நாரை நாக்கு தேடுகிற மாதிரி. அவரைப் பந்தல் காய்ந்து கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே பதினான்கு ரோஜாத் தொட்டி, ஒன்றில் கூடப் பச்சை இல்லை. மதிலோரம் தக்காளி, கத்தரி, அப்புறம் ஹேமலதாவின் மாமனார், அந்த வீட்டுப் பெரியவர், நட்டு நாலு வருஷம் பூக்காமல் ஐந்தாம் வருஷம் ஒரே ஒரு பூ விட்ட மனோரஞ்சிதம். அதன் நுனி இலைகளை மாரப்பன் இப்போதும் தொட்டுப் பார்த்தான். அகலமாக இருக்க வேண்டிய இலை நூலாக இழுத்துக்கொண்டு, தண்டு பாம்பாய் முறுக்கிக்கொண்டு, கிளி மூக்காய்ச் சுருண்டிருந்தது. ஆசிட் ஊற்றின செடி இப்படி ஆகாது. ஆசிட் வேரைச் சுடும், செடி நின்ற இடத்திலேயே கருகி நிற்கும், முறுக்கிக்கொள்ளாது. இது களைக்கொல்லிச் சுருட்டை. முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு இது தெரியாமல் போகுமா, தூக்கத்தில் தொட்டால்கூடச் சொல்லிவிடுவான். செடி தன் உடம்பிலேயே எழுதி வைத்துக்கொண்டு நிற்கிறது, படிக்கத் தெரிந்தவன் அந்த வீட்டில் அவன் ஒருத்தன்தான், அவனோ வாயில் கொழுக்கட்டையோடு நிற்கிறான். வேலையைப் பார்ப்போம் என்று முன்பக்கம் போய் வேலிச் செடியைக் கத்தரிக்க ஆரம்பித்தான். கத்தரி சரக் சரக்கென்று போயிற்று. முன்பக்கம் ஒன்றும் ஆகவில்லை, அன்றைக்கு முன்பக்கம் அடிக்கவில்லை.

அன்றைக்கு என்றால் ஐந்து வாரத்துக்கு முந்தின வியாழன். அவனிடம் மருந்து டேங்க் இரண்டு உண்டு, முதுகில் மாட்டுகிறது. ஒன்று வேப்பெண்ணெய், பூச்சி மருந்து, சத்துத் தண்ணீர் இதற்கெல்லாம். இன்னொன்று களைக்கொல்லிக்கு மட்டும். மாறிப் போய்விடக் கூடாது என்று அதன் கைப்பிடியில் பூவாத்தாளின் பழைய ரவிக்கைத் துணியைக் கிழித்துச் சிவப்பாகக் கட்டியிருந்தான். பூவாத்தாள் அவன் பெண்டாட்டி, இதுக்குன்னு என் ரவிக்கைதான் கிடைச்சுதாக்கும் என்று அவள் ஒரு வாரம் முணுமுணுத்தாள். அன்று விடிந்ததும் தெருமுனைக் காலி மனையில் மண்டிக் கிடந்த பார்த்தீனியக் களைக்குச் சிவப்புத் துணி டேங்கால் அடித்தான். அடித்து முடித்தால் அதைச் சலவைச் சோடா போட்டு மூன்று தண்ணீர் அலசி, குழாயில் இருப்பதைப் பீய்ச்சி, வெயிலில் ஒரு பகல் கவிழ்த்து வைக்க வேண்டும். அவன் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. இந்த வீட்டுக்கு வந்து மற்ற டேங்கை எடுத்தால் வாஷர் கிழிந்து காற்றே நிற்கவில்லை. மருதமலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் வேப்பெண்ணெய் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாவுப்பூச்சி ரோஜாவை உறிஞ்சிவிடும், அடுத்துப் போக வேண்டிய டாக்டர் வீட்டிலும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு தண்ணீர். ஒரே ஒரு தடவை, வெறும் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றினான். பெரியவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாரப்பா, சிவப்புத் துணி கட்டியிருக்குதே, அது அந்த மருந்து டேங்க் இல்லியா என்று கேட்டார். கேட்டாரே! எல்லாரும் மறதிக்காரர் என்று சொல்கிற மனுஷன் சரியான நேரத்தில் சரியான கேள்வி கேட்டார். அதெல்லாம் கழுவியாச்சுங்கய்யா என்றான் இவன், திரும்பிக்கூடப் பார்க்காமல், டேங்கை முதுகில் ஏற்றிக்கொண்டே. அந்த வேப்பெண்ணெய் நாற்றத்துக்கு அடியில் மெல்லிசாக இன்னொரு நாற்றம் வந்தது, புளித்த மருந்து நாற்றம். வந்ததா இல்லையா? வந்தது. மூக்குக்குத் தெரிந்தது, கை நிற்கவில்லை. டாக்டர் வீட்டில் இரண்டு தொட்டிக்கு அடிக்கும்போது டேங்க் காலியாகிவிட்டது. அந்த இரண்டும் சுருண்டபோது, டாக்டர் குடும்பம் ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்து நர்சரியில் அதே நிறத்தில் இரண்டு ரோஜா வாங்கி வைத்துவிட்டான். அவர்களுக்கு இன்றைக்குவரை தெரியாது. கெட்டிக்காரத்தனமாகச் செய்ததாக அப்போது அவனுக்கு ஒரு நினைப்பு.

சரக் சரக். ஒரு கிளை அதிகமாக வெட்டுப்பட்டு வேலியில் ஓட்டை விழுந்தது, சனியன். பதினான்கு தொட்டியையும் பந்தலையும் மனோரஞ்சிதத்தையும் அப்படி மாற்றி வைக்க முடியுமா? முடியாது. அதனால்தான் சொல்வதாக இருந்தான், சத்தியமாகச் சொல்வதாகத்தான் இருந்தான், இலை சுருண்ட மூன்றாம் வாரம். அன்று அவன் வாயைத் திறப்பதற்குள் ஹேமலதா அம்மிணி காலி ஆசிட் பாட்டிலோடு பொடக்காலிக்கு வந்தாள், பாத்ரூம் கழுவுகிற ஆசிட். அவளும் பாவம், வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை, நாலு வயதுப் பெண் குழந்தை, புருஷன் சிவநேசன் பெங்களூரில் இருந்து சனி ஞாயிறு மட்டும் வந்து போகிறவன், இதற்கிடையில் மாமனாரைத் தேடித் தெருத் தெருவாகப் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டிய பிழைப்பு. பாட்டில் செடிப் பக்கம் கிடந்துச்சுண்ணா, மாமாகிட்டக் கேட்டா ஊத்தினேனா ஊத்தலையான்னு அவருக்கே தெரியலை என்றாள். அப்புறம் கேட்டாள், ஆசிட் ஊத்தினா செடி சாகற மாதிரி ஆகுமாண்ணா? அவன் சொன்னான், ஆகுமுங்க. அவ்வளவுதான். ஒரே வார்த்தை. அதில் பொய் எங்கே இருக்கிறது? ஆசிட் ஊற்றினால் செடி சாகும்தானே, யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ராத்திரி படுக்கும்போது இதையேதான் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினான். அவள் கேட்டாள், நான் பதில் சொன்னேன். இவர் ஊற்றினாரா என்று அவள் கேட்கவில்லை, ஊற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஆகுமுங்க. சொல்லும்போது தலையைக்கூட ஆட்டினான், படித்த டாக்டர் மாதிரி. பாட்டிலை அந்த வீட்டு வேலைக்காரி அங்கே போட்டிருப்பாள், காலியான டப்பா எல்லாம் அங்கேதான் போடுவாள், அதையாவது சொல்லியிருக்கலாம். கத்தரியை மடக்கி வைத்துவிட்டுக் கையைப் பார்த்தான். காப்புக் காய்த்த கைதான், வேறொன்றும் இல்லை.

இந்த வாய் இப்படித்தான், வேண்டாத நேரத்தில் திறக்கும், வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொள்ளும். இருபது வயதில் ஒரு மில் பங்களா தோட்டத்தில் கூலிக்கு இருந்தபோதும் இதே கதைதான். களையெடுக்கச் செல்லாயி என்று ஒருத்தி வந்துகொண்டிருந்தாள், புகையிலை போட்டுக்கொண்டு எல்லாரையும் கேலி பேசுவாள், அவனை மட்டும் மாப்பிள்ளை என்று கூப்பிடுவாள். ஒரு நாள் கிணற்று மோட்டாரை அணைக்காமல் போய், விடிய விடியத் தண்ணீர் ஓடி, புதிதாகப் போட்ட புல்தரை மொத்தமும் மிதந்துவிட்டது. கடைசியாக மோட்டாரைத் தொட்டது அவன். மேஸ்திரி செல்லாயியைக் கேட்டார். அவள் அவனைப் பார்த்தாள், ஒரே ஒரு பார்வை. அவன் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டியிருந்த வாரைக் கழற்றி மறுபடி மாட்டினான். அவள் அவனைக் காட்டிக்கொடுக்காமல் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், அப்புறம் அவளை எங்கேயும் பார்க்கவில்லை. எங்கேயாவது சந்தையில், பஸ்ஸில் பார்த்தால் சொல்லிவிடலாம் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது பார்த்தாலும் முகம் தெரியாது, அந்தப் பார்வை மட்டும்தான் தெரியும். இதையெல்லாம் எதற்கு இப்போது நினைக்க வேண்டும், வேலியைப் பார். சொன்னால் என்ன ஆகும்? சொன்னால் ஹேமலதா திட்டுவாள், திட்டட்டும். அப்புறம் தெருப் பெண்கள் குரூப்பில் போடுவாள். செல்போனில் இரண்டு வரி போதும், பதினோரு டம்ளரும் ஒரே நாளில் இடத்தை விட்டு இறங்கிவிடும். விஷம் அடிக்கிற தோட்டக்காரன் என்று பேர் வந்தால் எந்த வீட்டில் கேட்டைத் திறப்பார்கள்? மகள் ஆசையாக அச்சடித்துக் கொடுத்த அட்டை இன்னும் அரை டப்பா மிச்சம் இருக்கிறது, மாரப்பன், தோட்டப் பராமரிப்பு, கீழே ஒரு ரோஜாப்பூ. ஐம்பத்திரண்டு வயதுக்கு மேலே வேறென்ன தொழிலுக்குப் போவது.

காபி நேரம் ஆகிவிட்டது என்று பொடக்காலிக்கு வந்தான், அப்போதுதான் ஜன்னல் திறக்காமல் பின்வாசல் கதவு திறந்தது. ஹேமலதா கையில் போனோடு வெளியே வந்தாள், கண் வீங்கியிருந்தது. காபி இன்னும் வரவில்லை, சொல்கிற நேரம் இதுதான், சொல்லுடா என்று மாரப்பனுக்கு உள்ளே இடித்தது. அவள் முந்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சிவநேசன் வருகிறானாம். தொண்டாமுத்தூர்ப் பக்கம் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்தாயிற்றாம், அன்றைக்கே மாமாவைக் கொண்டுபோய் விடுகிறார்களாம். வழி தவறிப் போனதுக்கெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாளாம். இரண்டு தடவை கேஸ் அடுப்பைத் திறந்து விட்டதற்கும்கூடப் பூட்டுப் போட்டுச் சமாளித்தாளாம். இந்தச் செடி விஷயத்தில்தான் எங்க வீட்டுக்காரருக்கு மனசு விட்டுப்போச்சுண்ணா, செடிக்கு ஊத்தின கை நாளைக்குக் குழம்புல ஊத்தாதுன்னு என்ன நிச்சயம், பாப்பா இருக்கா பாருங்க என்று சொல்லிக்கொண்டே அழுதாள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மாமா அந்தப் பந்தலைப் பார்த்துப் பார்த்து நொந்துபோகிறார், செத்ததையெல்லாம் இன்றைக்கே பிடுங்கிப் போட்டுவிடுங்கள், அப்புறமாகக் கல் பாவிக்கொள்ளலாம் என்றாள். சரிங்கம்மிணி என்றான் மாரப்பன். சரிங்கம்மிணி! முப்பது நாளாக அரைத்து அரைத்து வைத்திருந்த வார்த்தைக்குப் பதில் அதுதான் வெளியே வந்தது. அவள் போனில் யாரோ கூப்பிட, மீட்டிங் இருக்குண்ணா என்று உள்ளே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள் இருந்தது.

பந்தலுக்குக் கீழே பெரியவர் வந்து உட்கார்ந்திருந்தார். திருமூர்த்தி என்று பேர், ரயில் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது, ஊர்ப் பேர் சொன்னால் பின்கோடு சொல்லுவார். மாரப்பன் அவருக்கு முகம் கொடுக்கிற ஒரே வழி அதுதான், பொள்ளாச்சிங்கய்யா என்பான், ஆறு நாலு ரெண்டு பூஜ்யம் பூஜ்யம் ஒண்ணு என்பார், இரண்டு பேரும் சிரிப்பார்கள். இன்று அவன் ஊர்ப் பேர் சொல்லவில்லை. அவரைக் கொடியை அரிவாளால் அடியில் அறுத்து இழுத்தான், கம்பியோடு சிக்கிக்கொண்டு வர மறுத்தது. பெரியவர் ஒரு காய்ந்த இலையைத் தூக்கி மடியில் வைத்துத் தடவினார். நான்தான் ஊத்தியிருப்பேன் போல மாரப்பா என்றார். எனக்கு ஞாபகம் இல்லை, ஆனா இந்தக் கை ஊத்தியிருக்கும், என்னையறியாம என்னென்னமோ பண்ணுது, பாவம் இந்தப் புள்ளை எத்தனைதான் பார்ப்பா, நான் போறதுதான் சரி என்றார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கையோ தன் மடியில் கிடக்கிற மாதிரி. மாரப்பன் அரிவாளைக் கீழே போட்டான். அவர் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தான். எப்படி ஆரம்பித்தான் என்று அவனுக்கே தெரியாது, சிவப்புத் துணி, காலி மனை, வாஷர், ஒரே ஒரு தண்ணீர், எல்லாம் முன்னுக்குப் பின்னாகக் கொட்டிவிட்டான். நீங்க அன்னைக்கே கேட்டீங்கய்யா, அது அந்த மருந்து டேங்க் இல்லியான்னு. நாந்தான் கழுவியாச்சுன்னு சொன்னனுங்க. பெரியவர் மடியில் இருந்த இலையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் ஊத்தலை?"

"இல்லீங்கய்யா. நீங்க ஒண்ணுமே பண்ணலீங்க."

பெரியவர் சிரித்தார். பல் செட்டு இல்லாத வாயால், குழந்தை சிரிக்கிற சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்து, அதைத் துடைக்காமலே சிரித்தார். திட்டுவார் என்று மாரப்பன் தலையைக் குனிந்து காத்திருந்தான், திட்டவில்லை. நான் கேட்டனா, கேட்டனா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார், அதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். அப்புறம் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தார், அந்தப் பிடியில் பலம் இருந்தது, ஆயிரக்கணக்கில் தபால் மூட்டை கட்டின பிடி.

"இப்பவே போய் ஹேமாகிட்டச் சொல்லு. நான் மறக்கறதுக்குள்ள சொல்லு."

சொல்றனுங்கய்யா, அம்மிணி மீட்டிங்ல இருக்குது, இந்தப் பந்தலை மட்டும் பிரிச்சுட்டு இதோ போறனுங்க என்றான் மாரப்பன். மீட்டிங் நடுவில் கதவைத் தட்டினால் கோபித்துக்கொள்ளமாட்டாளா, மண் கையோடு எப்படிப் போய் நிற்பது, கொஞ்சம் அவளும் அழுகை ஓய்ந்து உட்காரட்டும். காரணத்துக்கா பஞ்சம். பெரியவர் சரி சரி என்று தலையாட்டினார், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரப்பனுக்கோ உடம்பு லேசாகிவிட்டது. ஐந்து வாரத்துப் பாரம் இறங்கிவிட்ட மாதிரி, கை கடகடவென்று ஓடியது, கொடியை இழுத்தான், கம்பியை அவிழ்த்தான், செத்த ரோஜாவை வேரோடு தட்டித் தொட்டியைக் கவிழ்த்தான். ஒவ்வொரு தொட்டியிலும் வேர் வெள்ளையாகத்தான் இருந்தது, ஆசிட் பட்ட வேர் இப்படியா இருக்கும், இதையும் அம்மிணியிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தான், நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் குப்பைச் சாக்கில் போட்டு மிதித்துக் கட்டினான். பிடுங்கிப் போடச் சொன்னாள், பிடுங்கினான். மனோரஞ்சிதத்தை மட்டும் கடைசிவரை விட்டு வைத்து, கடைசியில் அதையும் வெட்டினான். குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது, ஓடிப் போய் இரண்டு சாக்கையும் ஏற்றிவிட்டு வந்தான். சொல்ல வேண்டிய வாக்கியத்தை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தான், தப்பு நடந்துபோச்சுங்க என்று ஆரம்பிப்பதா, ஒரு விஷயமுங்க என்று ஆரம்பிப்பதா. யாரிடம் முதலில் சொன்னோம் என்று ஒரு நினைப்பு நடுவில் வந்து குறுக்கே நின்றது. பதினோரு வீட்டில், இந்த ஊரில், உலகத்தில் இருக்கிற அத்தனை பேரிலும் மறந்துவிடுகிற மனுஷனாகப் பார்த்துத்தானே சொன்னாய் என்று கேட்டது அது. இல்லை இல்லை, அவர் கையைப் பார்த்தது தாங்கவில்லை, அதனால்தான் சொன்னேன் என்று மாரப்பன் அதனிடம் சொன்னான். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

கை காலைக் கழுவிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பின்வாசல் படியில் நின்று அம்மிணி என்று கூப்பிட்டான். ஹேமலதா வந்தாள். இந்தத் தடவை சொன்னான். ஒன்றையும் மறைக்காமல், டேங்க், துணி, வாஷர், மழை மேகம், அன்றைக்கு ஆகுமுங்க என்று சொன்னது வரைக்கும் சொன்னான். சொல்லி முடித்தான். ஐயா பேர்ல ஒரு தப்புமில்லீங்க, அவரை அனுப்பீடாதீங்க என்றான். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், முகத்தில் என்னென்னவோ வந்து போனது. அவள் பார்வை அவனைத் தாண்டி, நாற்காலியில் இருந்த பெரியவரிடம் போயிற்று. மாமா, இவர் சொல்றது நிஜமா என்று கேட்டாள். மாரப்பன் திரும்பினான். சொல்லுங்கய்யா, இப்பத்தான சொன்னனுங்க, நீங்க கேட்டீங்க, நான் கழுவியாச்சுன்னு சொன்னேன், சொல்லுங்க. பெரியவர் அவனைப் பார்த்தார். வெட்டவெளியாகக் கிடந்த பந்தல் இடத்தைப் பார்த்தார். அப்புறம் தன் வலது கையைப் பார்த்தார், அதே பார்வை, வேறு யாருடைய கையோ மாதிரி.

"இல்லம்மா. நான்தான் ஊத்திட்டேன். மாரப்பன் நல்லவன், எனக்காகப் பழியை ஏத்துக்கிறான்."

மாரப்பன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. இல்லீங்கம்மிணி, சத்தியமா நாந்தானுங்க என்றான். வேரைக் காட்டுகிறேன் என்று திரும்பினான், வேர் குப்பை வண்டியில் போய்விட்டது. இலை போய்விட்டது. டாக்டர் வீட்டுல கேட்டுப் பாருங்க, அங்கயும் ரெண்டு ரோஜா போச்சுங்க என்றான். டாக்டர் வீட்டு ரோஜாவா, நேத்துதானே அவங்க போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டாங்க, கொத்துக் கொத்தா பூத்திருக்கேண்ணா என்றாள் ஹேமலதா, அத்தனை மெதுவாக, குழந்தையிடம் பேசுகிற மாதிரி. நீங்கதானே அன்னைக்கே சொன்னீங்க, ஆசிட் ஊத்தினா ஆகும்னு. இல்லீங்க, அது வந்துங்க என்று ஆரம்பித்தான். ஆகுமுங்க என்ற அந்த ஒரு வார்த்தை அவனுக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, இவனை உள்ளே விடவில்லை. எங்க வீட்டுக்காரருக்கும் எனக்குமே இல்லாத மனசுண்ணா உங்களுக்கு என்றாள் அவள், மறுபடியும் கண் கலங்கியது. போகும்போது கேட்டைச் சாத்திட்டுப் போங்க, மாமா வெளியே போயிடுவார் என்றாள். பெரியவர் நாற்காலியில் இருந்து எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார், எனக்காக நீ பொய் சொல்லக் கூடாது மாரப்பா என்று சொல்லிவிட்டு மெதுவாக உள்ளே போனார்.

காபி வந்தது. ஜன்னல் திறக்கவில்லை, ஹேமலதா பின்வாசல் வழியாகவே கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள், பூப்போட்ட பீங்கான் கப், அவர்கள் குடிக்கிற கப். எவர்சில்வர் டம்ளர் ஜன்னல் கம்பியில் அப்படியே கவிழ்ந்திருந்தது. வேண்டாமுங்க என்று சொல்ல வாய் வரவில்லை, அவள் முகத்தில் அவ்வளவு மரியாதை இருந்தது. மாரப்பன் நின்றபடியே குடித்தான், சூடு நாக்கைச் சுட்டது, ருசி தெரியவில்லை. உள்ளே பாப்பா ஏதோ ஊர்ப் பேர் கேட்பதும், பெரியவர் எண் சொல்வதும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை சிவநேசன் வருவான், அவனிடம் சொல்ல வேண்டும், அவனாவது நம்புவான், சனிக்கிழமையே வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தான், நினைக்கும்போதே, மறுபடியும் நினைக்கத்தான் செய்கிறோம் என்று அவனுக்குப் பட்டது. குழாயடிக்குப் போய் கப்பைக் கழுவினான், இரண்டு தடவை, மூன்று தடவை கழுவினான். கழுவின கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.